ரெண்டு எஞ்சின், இருபத்தஞ்சு கோடு

பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு எங்க பக்கம் சொல்வாங்க. அதைச் சொன்னவன் எந்தக் காலத்து ஆளோ தெரியாது. ஆனா விமானக் கம்பெனி ஆபீஸுக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தவனாத்தான் இருக்கணும்.

நான் போனேன். எழுபதுகளோட தொடக்கம் அது. கையில விமானம் ஓட்டுற லைசென்ஸ் இருந்துச்சு. மீனம்பாக்கம் கிளப்புல ஒத்தை எஞ்சின் விமானத்துல எறநூறு மணி நேரத்துக்கு மேல ஓட்டி, பரீட்சை எழுதி, கண்ணு காது எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காமிச்சு வாங்குன லைசென்ஸ். கூடவே என் லாக் புக். எந்தத் தேதியில எவ்வளவு நேரம் பறந்தோம்னு வரி வரியா எழுதி, சொல்லிக்குடுத்தவர் கையெழுத்து வாங்கி வெக்கிற புஸ்தகம் அது. மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவரு அதைத் தொறக்கக்கூட இல்ல.

"ரெண்டு எஞ்சின் எவ்வளவு?"ன்னாரு.

"இல்ல சார், எல்லாம் ஒத்தை எஞ்சின்."

"ரெண்டு எஞ்சின் விமானத்துல இருபத்தஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. அப்புறம்தான் எங்க பெரிய விமானத்துக்கு டிரெயினிங்."

"ரெண்டு எஞ்சின் விமானம் எங்க சார் இருக்கு?"

"எங்ககிட்ட இருக்கு."

"அப்ப உங்ககிட்டயே ஓட்டிப் பழகிக்கறேனே."

"அதுக்கு இருபத்தஞ்சு மணி நேரம் வேணும்."

சிரிக்காம சொன்னாரு. அதான் எனக்கு ஆச்சரியம். மனுஷன் வாயால இப்படி ஒண்ணைச் சொல்லிட்டு, உடனே காப்பி டம்ளரை எடுத்து எப்படிக் குடிக்க முடியுது? கிளப்புல இருந்தது எல்லாமே ஒத்தை எஞ்சின் வண்டி. அதுலயும் ஒண்ணு எப்பவும் றெக்கை கழட்டித்தான் இருக்கும். ஊர்ல ரெண்டு எஞ்சின் வெச்சிருந்தவங்க மூணே பேரு: பட்டாளம், கம்பெனி, பணக்காரன். பட்டாளம் என்னை எடுக்கல. கம்பெனி கதை இப்பத்தான் சொன்னேன்.

எனக்குச் சொந்த ஊரு ஆரம்பாக்கம், ஆந்திரா எல்லைப் பக்கம். நெல்லு போடுற குடும்பம். லைசென்ஸை டிரங்குப் பெட்டியில வெச்சுட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் கம்பி இழுக்கிற ஆலை ஒண்ணுல ஸ்டோர்ஸ் குமாஸ்தாவா சேர்ந்தேன். ஆணி எத்தனை, போல்ட்டு எத்தனைன்னு எண்ணுற வேலை. காலைல பாசஞ்சர் ரயில்ல ஏறுனா போதும், பெட்டியே கேலியை ஆரம்பிச்சிடும். "இன்னாப்பா பைலட்டு, ரயில்ல வரே? இதுக்கும் ஒத்தை எஞ்சின்தான், பரவால்லியா?" எளாவூர்ல ஒருத்தன் ஏறுவான், தினமும் அதே ஜோக்கு. ரெண்டு வருஷம். புதுசா ஒண்ணு யோசிக்கக்கூட துப்பில்லாத பய.

கிளப்புல எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் ரெண்டு எஞ்சின் இல்ல. அவன் என்ன பண்ணான்? வெளியூர் போனான், ஒரு மாசம் கழிச்சு வந்தான், லாக் புக்குல ரெண்டு எஞ்சின் முப்பது மணி நேரம். எந்த விமானம்டான்னு கேட்டா பல்லைக் காட்டுறான். நாங்க இதுக்குப் பேனா மணின்னு பேரு வெச்சிருந்தோம். பெட்ரோல் வேணாம், ஆகாசம் வேணாம், மைக்கூடு ரொம்பினா போதும். கம்பெனி அவனை எடுத்துக்கிச்சு. பளபளன்னு தொப்பி வெச்சிக்கினு கிளப்புக்கு வந்து நின்னான். "நீயும் எழுதிக்கடா, எவன் எண்ணப் போறான்?"னு எங்கிட்டயே சொன்னான். "த்தூ, உன் விமானத்துல ஏறுறதுக்குப் பதிலா நான் மாட்டு வண்டியில போவேன்"னேன். எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். அன்னிலேர்ந்து யார்கிட்ட அவன் பேரை எடுத்தாலும் பேனாக்காரன்னுதான் சொல்வேன். அதுல எனக்கு ஒரு சந்தோஷம், மறைக்கிறதுக்கு என்ன.

மூணாவது வகை ஆளு, பணக்காரன், எங்க ஆலை மொதலாளியாவே வந்து வாய்ச்சாரு. எந்த ராஜாவோ வித்த பழைய விமானம் ஒண்ணை வாங்கி மீனம்பாக்கத்துல ஷெட்டுல நிறுத்துனாரு. ஆறு பேர் உக்காரலாம். ரெண்டு எஞ்சின்! பெங்களூர்ல அவருக்கு இன்னொரு ஆலை இருந்துச்சு, அதுக்குப் போய்வர. பஸ்ஸுல போனா ஆகாதா, ரயில்ல போனா ஆகாதா? ஆகாது, ஏன்னா பக்கத்து ஆலைக்காரன் வெளிநாட்டுக் கார் வாங்கிட்டான். சரி, அவங்க வீம்பு, நமக்கு நல்லது. ஓடிப் போய்க் கால்ல விழாத குறையா கேட்டேன். ஞாயித்துக்கிழமை விமானத்தைத் தொடச்சு, பெட்ரோல் ஊத்தி, கிளம்புறதுக்கு முன்னால சுத்தி வந்து சோதிக்கிறது என் வேலை. சம்பளம் இல்ல. அதுக்குப் பதிலா, மொதலாளி இல்லாம காலியாத் திரும்புறப்போ நான் ஓட்டலாம். விமானத்தை ஓட்டுன கேப்டன் பட்டாளத்துல இருந்தவரு. சொல்லிக்குடுக்கிற லைசென்ஸும் அவருக்கு உண்டு, கையெழுத்துப் போடலாம்.

ஆனா அந்தக் கேப்டன் மாதிரி ஒரு கஞ்சனை நான் பாத்ததில்ல. பெங்களூர்லேர்ந்து திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். மடியில கடிகாரம் வெச்சிக்கினு, என் கை கன்ட்ரோல்ல இருந்த நேரத்தை மட்டும் எழுதுவாரு. "நாப்பத்தியோரு நிமிஷம்"ன்னு எழுதுவாரு. அம்பதுன்னு போட்டா அவர் அப்பன் வீட்டுச் சொத்தா போயிடும்? சில நாள் நல்ல மனசு வந்தா சோழவரம் ஏரிக்கு மேல கொண்டுபோய் ஒரு எஞ்சினை அடக்கி விடுவாரு. செத்த எஞ்சின் பக்கமே விமானம் இழுத்துக்கினு திரும்பும். உயிரோட இருக்கிற எஞ்சின் பக்கத்துக் காலை அழுத்தி நேரா வெக்கணும். ரெண்டு எஞ்சின் படிப்பே அவ்வளவுதான். தொடை நடுங்கும். கீழ ரேஸ் கார் ஓட்டுற ரோடு ரிப்பன் மாதிரி சுத்தும்.

வீட்டுக்கு வந்து நைனாகிட்ட அதைச் சொன்னேன். எங்க அப்பாவை நாங்க நைனான்னுதான் கூப்புடுவோம். அவரு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கினே கேட்டாரு.

"நொகத்தடியில ஒரு மாடு படுத்துக்கினா ஏரு அந்தப் பக்கமே சுத்தும். மேழிய எதிர்ப் பக்கம் அழுத்தணும். அதானே?"

"அதேதான் நைனா."

"இதுக்கா இருபத்தஞ்சு மணி நேரம்?"

அந்தக் கம்பெனி மேஜையில என் நைனாவை உக்கார வெச்சிருந்தா எத்தனை பேரு உருப்பட்டிருப்பாங்க!

அவருக்கு என் லாக் புக்கு மேல நம்பிக்கை இல்ல, இங்கிலீஷ்ல இருந்துச்சு. அவரே ஒரு கணக்கு வெச்சாரு. மாட்டுக் கொட்டாய் செவுத்துல, ஒரு மணி நேரம் முடிஞ்சா சுண்ணாம்பு விரலால ஒரு கோடு. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு நான் வந்தாலும் முழிச்சிக்கினு இருந்து, "இன்னிக்கி எவ்ளோ பறந்தே?"ன்னுதான் மொதல்ல கேப்பாரு. சாப்ட்டியான்னு அப்புறம்தான். அரை மணின்னா கோடு போட மாட்டாரு, அடுத்த வாரம் மீதி வரட்டும்னு விரலைத் தொடச்சிப்பாரு. இருபத்தஞ்சு ஆனதும் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்துல அமாவாசை அன்னிக்கி வெல்லம் கரைக்கிறதா வேண்டிக்கினு இருந்தாரு. ரெண்டு வருஷம் ஓடி இருபத்திரெண்டு கோடு ஆச்சு. எனக்கு வயசு முப்பதை நெருங்குது. கம்பெனியில முப்பதுக்கு மேல எடுக்க மாட்டாங்க. இன்னும் மூணு கோடு.

ஆயுத பூஜை வந்துச்சு. ஆலையில எல்லாத்துக்கும் பொட்டு. லேத்துக்கு, லாரிக்கு, எடை மிஷினுக்கு, டைப்ரைட்டருக்கு, என் ஸ்டோர்ஸ் பூட்டுக்கு. மொதலாளிக்கு அது போதல. "ஏரோப்பிளேனுக்கும் போட்டுட்டு வாங்கய்யா"ன்னு மேஸ்திரியை என்கூட மீனம்பாக்கத்துக்கு அனுப்பிட்டாரு. மேஸ்திரின்னா ஆலையில ஆளுங்களை மேய்க்கிறவரு. ஒரு தாம்பாளத்துல சந்தனம், குங்குமம், பொரி, எலுமிச்சம்பழம். நான் ஷெட்டுக் கதவுல சாஞ்சு கையைக் கட்டிக்கினு நின்னேன். எனக்குத் தாங்கல. விஞ்ஞானத்துக்கு வந்த கதியைப் பாருடான்னு நெனச்சேன். வாயை விட்டும் சொன்னேன். மேஸ்திரி காதுல வாங்கல. சக்கரத்துக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணு, கதவுக்கு ஒண்ணு. எடது றெக்கைக்கு அடியில விரல் தண்டிக்குக் குழாய் ஒண்ணு முன்பக்கம் நீட்டிக்கினு இருக்கும். தூசி போகாம இருக்க அதுக்குச் செவப்புத் துணியில உறை போட்டிருந்தேன். உறையைக் கழட்டிட்டாரு.

"இது இன்னா தம்பி?"

"காத்துப் புடிக்கிற குழாய். இதுக்குள்ள காத்து பூந்தாத்தான் உள்ள வேகம் காட்டுற முள்ளு நகரும்."

"அப்ப முக்கியமான ஐட்டம்தான்"னு சொல்லி, கட்டை விரலால அதுக்கு மட்டும் தாராளமா வெச்சாரு. உறையைத் திருப்பிப் போட்டுட்டாரு.

அன்னிக்கி வீட்டுக்குப் போனா, நைனா என் லாக் புக்கையும் பேனாவையும் சாமி முன்னால வெச்சிருந்தாரு. அட்டையில சந்தனம், குங்குமம். விஜயதசமி விடிகாலை முதல் வண்டிக்குக் கிளம்பறப்போ எடுத்துக் கையில குடுத்தாரு. "பூஜையில வெச்சது. இன்னிக்கி மொத எழுத்து நல்லதா எழுது, வெளங்கும்"ன்னாரு.

ஷெட்டுக்கு வந்து விமானத்தைச் சுத்தி வந்தேன். கண்ணாடியில இருந்த சந்தனத்தைத் தொடச்சேன், முன்னால தெரியணுமே. குழாய் உறையைக் கழட்டினேன். சந்தனம் காஞ்சு, நடுவுல குங்குமம். அதைத் தொடைக்கத் துணியைத் தூக்கினேன். கை நின்னுடுச்சு.

நானு! கையைக் கட்டிக்கினு நக்கல் பண்ணவன். நல்ல நாளும் அதுவுமா வெச்ச பொட்டை அழிக்கிறதான்னு ஒரு பயம் எங்கேர்ந்தோ வந்துச்சு. எங்க வீட்ல அழிக்கிற பழக்கம் இல்ல, அதுவா உதுரணும். ஓரத்துலதானே இருக்குது, ஓட்டையில இல்லைன்னு எனக்கே சொல்லிக்கினேன். குனிஞ்சு பாக்கல. பாத்திருந்தா அழிக்க வேண்டி வருமே. படிச்ச முட்டாள் மாதிரி ஒரு முட்டாள் உலகத்துல கெடையாது.

கேப்டனும் ஒரு தடவை சுத்தி வரணும், அதான் சட்டம். அவரு மொதலாளியோட நின்னு பொரி சாப்ட்டுக்கினு இருந்தாரு. "எல்லாம் சரியா?"ன்னாரு. "சரி சார்"ன்னேன். ஏறுனோம். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுங்கிச்சு. போறப்போ மொதலாளியை பெங்களூர்ல எறக்கணும். வர்றப்போ காலி, நான் ஓட்டலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரத்து மேலதான் கண்ணு.

ரன்வேயில ஓட ஆரம்பிச்சோம். எஞ்சின் ரெண்டும் கத்துது, பக்கத்துல புல்லு பறக்குது, வேகம் காட்டுற முள்ளு மட்டும் சைபர்ல. கேப்டன் அந்த முள்ளு மேல இருந்த கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினாரு. சைபர். ரெண்டு எஞ்சினையும் இழுத்து அடக்கி, பிரேக்கை மிதிச்சாரு. மொதலாளி மடியில இருந்த பொரித் தட்டு எங்க முதுகுல கொட்டிச்சு. ரன்வே முடியிற இடத்துல மூக்கு தாழக் குலுங்கி நின்னோம். தூக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் இன்னிக்கும் யோசிக்க விரும்பல. மூணு உசிரு.

ஷெட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்தாச்சு. மொதலாளி தள்ளி நின்னு சட்டையைத் தட்டிக்கினு இருந்தாரு. கேப்டன் ஒரு தீக்குச்சியை எடுத்துக் குழாய்க்குள்ள விட்டுக் கிண்டினாரு. மஞ்சளாத் தூளு கொட்டிச்சு.

"பாத்தியா, பாக்கலியா?"

"பொட்டு சார்..."

செருப்பால அடிப்பாருன்னு நெனச்சேன், அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். அவரு மொதலாளியைத் திரும்பிப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்தினாரு.

"இது எழுத்துல போச்சுன்னா என் லைசென்ஸைக் கேப்பாங்க. நான் ஏதோ எஞ்சின்ல கோளாறுன்னு சொல்லிக்கறேன். நீ வாயைத் தொறக்காதே. உனக்கு மீதி எவ்வளவு, மூணு மணியா? புஸ்தகத்தைக் குடு."

நாப்பத்தியோரு நிமிஷத்தை நாப்பத்திரெண்டா எழுதாத மனுஷன்! றெக்கை மேல என் புஸ்தகத்தை வெச்சு, போன வாரத் தேதி மூணைப் போட்டு, மூணு வரி, வரிக்கு ஒரு மணி நேரம், கடகடன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. என் பேனாதான், பூஜையில வெச்சிருந்த அதே பேனா. வேணாம்னு சொல்ல நெனச்சேன், வாய் வரலன்னு எழுதலாம். பொய். வேணாம்னு எனக்குத் தோணவே இல்ல. மை காயட்டும்னு நானே ஊதினேன்.

மொதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? "நேத்து பூஜை போட்டதாலதான்யா இன்னிக்கி உசிரோட இருக்கோம்"ன்னாரு. அடுத்த மாசத்திலேர்ந்து வெள்ளிக்கெழமை தவறாம விமானத்துக்குப் பொட்டு. நானும் கேப்டனும் அன்னிலேர்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் நேரா பாக்கல.

ராத்திரி வீட்டுக்குள்ள நுழையறேன். "இன்னிக்கி எவ்ளோ பறந்தே?"

செவுத்துல இருபத்திரெண்டு, புஸ்தகத்துல இருபத்தஞ்சு. ரெண்டும் ஒத்துப்போக ஒரே வழிதான்.

"மூணு மணி நேரம் நைனா."

"மூணா! ஒரே நாள்லயா! எங்கடா போனே?"

"பெங்களூர் போய், திரும்பி வந்து, சும்மா ஒரு சுத்து."

விட்டாரா? மேகம் எப்படி இருந்துச்சு, கீழ இன்னா தெரிஞ்சுது, நஞ்சையா புஞ்சையான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நான் அள்ளி விட்டேன். வழியில ரெண்டு ஏரி, பக்கத்துல பக்கத்துல, ஜோடி மாடு மாதிரி, ரொம்பி வழியுதுன்னேன். அவருக்குப் புரியற மாதிரி சொல்லணும்னு அந்த நேரத்துல வாய்க்கு வந்தது. அவரு சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கினு கொட்டாய்க்குப் போய், மத்ததை விடப் பெருசா மூணு கோடு போட்டாரு. மாடு திரும்பிப் பாத்துச்சு.

அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோம். குளத்துப் படியில ஜனம் நெரிஞ்சுது. நைனா வெல்லத்தைக் கரைக்கச் சொல்லி என் கையில குடுத்தாரு. அந்தக் குளத்துல பாவம் கரையும்னு சொல்வாங்க. என் கையில வெல்லம்தான் கரைஞ்சுது.

கம்பெனிக்குப் போனேன். அதே மேஜை, அதே ஆளு. "ரெண்டு எஞ்சின் எவ்வளவு?" "இருபத்தஞ்சு." பாரத்துல எழுதிக்கினு முத்திரை குத்தினாரு. புஸ்தகத்தைத் தொறக்கல சார்! ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் பொரட்டிப் பாக்கல. ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நான் சேத்த இருபத்திரெண்டு மணி நேரமும், றெக்கை மேல கிறுக்குன மூணு மணி நேரமும் அவருக்கு ஒண்ணுதான். டிரெயினிங்குல மொத நாள் கதவைத் தொறந்தா பேனாக்காரன் நிக்கிறான். "வாடா, மாட்டு வண்டியிலயா வந்தே?"ன்னான். சுத்தி இருந்தவன்லாம் சிரிச்சான். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சு வெச்சேன்.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் கழிச்சு நைனாவை விமானத்துல ஏத்தினேன். வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, மடியில வெத்தலைப் பை. பெங்களூர் வண்டி, நான் கோ-பைலட். ஜன்னலோர சீட்டுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. நடுவுல ஒரு தடவை எழுந்து அவர்கிட்டப் போனேன். குடுத்த மிட்டாயைப் பிரிக்காம கையில வெச்சிக்கினு, நெத்தியைக் கண்ணாடியில ஒட்டிக்கினு கீழயே பாத்துக்கினு இருந்தாரு.

"இன்னா நைனா, பயமா இருக்குதா?"

"அதெல்லாம் இல்ல. ஏறுனதிலேர்ந்து பாக்கறேன், அந்த ரெண்டு ஏரி எங்கடா? ஜோடி மாடு மாதிரின்னியே. விஜயதசமி அன்னிக்கிப் பாத்தேன்னியே."

பக்கத்து சீட்டுக்காரர் என்னையும் என் தோள்பட்டைக் கோட்டையும் பாத்துக்கினு இருந்தாரு.

"இந்த வருஷம் மழை இல்ல நைனா. வத்திப் போச்சு."

நைனா கண்ணாடியிலேர்ந்து நெத்தியை எடுக்கல. "அடப் பாவமே, ரெண்டுமா? அந்த ஊரு ஜனம் நடவுக்கு இன்னாடா பண்ணும்?"ன்னாரு. எறங்குற வரைக்கும் அவருக்கு அதே கவலை.